ஊதிக் காட்டவும்

குன்னம்பாடி புகையிலை இல்லாத ஊராக மாறியது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தரைக்கு மாற ஆரம்பித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாறி முடித்துவிட்டது. ஊரில் இருந்த யாருக்கும் இது தெரியாது.

வெள்ளிமலையிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, மொத்தம் நாற்பத்தாறு வீடு. கள்ளக்குறிச்சியிலிருந்து எழில்மதி என்ற பெண் டேப்லட்டும் கையுமாக வந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: குடும்பத் தலைவருக்குப் புகையிலைப் பழக்கம் உண்டா?

கிறிஸ்துதாஸ் வீட்டுக்கு அவள் வந்தபோது குடும்பத் தலைவர் தன் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். வெள்ளிமலைக்கும் கச்சிராயபாளையத்துக்கும் நடுவே ஆள் ஏற்றி ஓடுகிற ஜீப். கேள்வி காதில் விழுந்ததும் பாதி உடம்பை வெளியே இழுத்து, வாயின் இடது ஓரத்தில் புகைந்துகொண்டிருந்த பீடியை எடுத்துவிட்டுப் பதில் சொன்னார்.

"பொகையிலையா? சீச்சீ. அந்தக் கருமத்த நான் தொட்டதே கெடையாதும்மா."

அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் புகையிலை என்றால் கன்னத்தில் அடக்கி, மென்று, துப்புவது. பீடி என்றால் பீடி. வெற்றிலையோடு சேர்த்துப் புகையிலை மெல்லுகிறவர்கள் "நமக்கு வெத்தல மட்டுந்தான்" என்றார்கள். பொட்டலத்தைக் கிழித்து உதட்டுக்குள் வைக்கிறவர்கள் "அது பாக்குங்க" என்றார்கள். ஆக நாற்பத்தாறு வீட்டிலும் 'இல்லை'. நாற்பத்தாறு பேரில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை.

எழில்மதிக்குச் சந்தேகம் வராமல் இல்லை. புகை அவள் முகத்துக்கு நேராகத்தான் வந்தது. ஆனால் டேப்லட்டில் 'உண்டு' என்று ஒரு கட்டம், 'இல்லை' என்று ஒரு கட்டம். 'இல்லை என்கிறார், ஆனாலும்' என்று மூன்றாவது கட்டம் கிடையாது.

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த கிரேஸ், "பீடின்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு" என்றாள். கிரேஸ் அவருடைய மனைவி. பக்கத்திலிருந்த பள்ளி விடுதியில் சமையல் வேலை. பத்தாவது வரை படித்தவள். அவள் சொன்னதற்கும் கட்டம் இல்லை.

ஒரு மாதம் கழித்து விழா வைத்தார்கள். நடத்தியது மாவட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த 'புகை ஒழிப்பு மற்றும் வாய்நல ஒருங்கிணைப்பு மையம்'. அதன் ஒருங்கிணைப்பாளர் இளமாறன். அவருடைய கார் வெள்ளிமலைக்கு மேல் ஏற மறுத்துவிட்டதால், கிறிஸ்துதாஸ்தான் போய் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். கடைசி வளைவு வந்ததும் இளமாறன் தோளைத் தட்டி, "அந்தப் பீடியைக் கொஞ்சம் அணைச்சுடுங்க. விழாவுக்குப் போறோம் பாருங்க" என்றார்.

மேடையில் ஏறி அவர் பேசியதைக் கிரேஸ் முன்வரிசையிலிருந்து கேட்டாள்.

"பெரியோர்களே, தாய்மார்களே. இந்த ஊரில் புகையிலை இல்லை. இதை நான் சொல்லவில்லை, புள்ளிவிவரம் சொல்கிறது. மற்ற மாவட்டங்களில் ஊர் ஊராகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க நோய் அதிகமாகிக்கொண்டே போனது. அந்தத் தவறை நாங்கள் செய்யவில்லை. பார்ப்பதற்கு முன்பே ஒழித்துவிட்டோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். கையில் பீடி வைத்திருந்தவர்கள் அதைப் பல்லில் கடித்துக்கொண்டு தட்டினார்கள்.

நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவதாக 'ஆரோக்கியமான வாய்களைப் பார்வையிடுதல்' என்று இருந்தது. அதற்காகப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ராதிகா என்ற பல் டாக்டரை அழைத்து வந்திருந்தார்கள். சும்மா போட்டோவுக்கு டார்ச் அடித்தால் போதும் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தது. அந்தப் பெண் நிஜமாகவே பார்த்துவிட்டது. அங்கேதான் எல்லாம் கெட்டது.

கிறிஸ்துதாஸ் வாயைத் திறந்தார். டாக்டர் டார்ச்சை அணைக்காமல் வெகு நேரம் பார்த்தார். பிறகு இடது கடைவாய் ஓரத்தை உள்பக்கமாகத் துணியால் துடைத்துப் பார்த்தார். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. துடைத்தும் போகவில்லை.

"பீடி எத்தனை வருஷமா?"

"அது கெடக்குது முப்பது வருஷமா."

"எப்பவும் இந்தப் பக்கந்தானா?"

"வண்டி ஓட்டிக்கினே வலது ஓரத்துல பேசுவேங்க. பீடிக்கு இடதுதான்."

டாக்டர் கிரேஸைப் பக்கத்தில் கூப்பிட்டார். "உங்க கையக் காட்டுங்கம்மா. கரண்டி பிடிச்சுப் பிடிச்சு இங்க காப்புக் காய்ச்சிருக்கில்ல? அதே மாதிரி இவர் வாய்க்குள்ள காய்ச்சிருக்கு. வாய்க்குள்ள இருக்கிற தோல் ரொம்ப மெல்லிசு. பீடியோட சூடும், புகையில இருக்கிற தாரு, இன்னும் என்னென்னவோ ரசாயனமும் தினம் அந்த ஒரே எடத்துல படுது. தாங்க முடியாம தோல் தடிச்சு வெள்ளையாயிடுது. அது வெளிய தெரியறது. உள்ள வேற ஒண்ணு நடக்கும். ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் எப்ப வளரணும், எப்ப நிக்கணும்னு ஒரு உத்தரவு எழுதியிருக்கு. இந்த ரசாயனம் உள்ள போயி அந்த உத்தரவையே கெடுத்துடும். அப்புறம் அது நிக்க வேண்டிய எடத்துல நிக்காது."

"கவர்மென்டு மாதிரின்னு சொல்லுங்க" என்றார் கிறிஸ்துதாஸ், வாயைத் திறந்து வைத்தபடியே.

"நீ வாய மூடு" என்றாள் கிரேஸ்.

"மூடாதீங்க" என்றார் டாக்டர். "எல்லாத் திட்டும் புத்துநோயாகாது. ஆனா சிலது ஆகும். எதுன்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும். ஒரு மாசத்துக்குள்ள செஞ்சுடணும். பீடிய இன்னிக்கே விடணும். விட்டாலே சில பேருக்குக் கொறைஞ்சுடும்."

சதைப் பரிசோதனைக்கு மஞ்சள் சீட்டு வேண்டும். அதை இளமாறனின் மையம்தான் கொடுக்கும். தனியாரில் பார்ப்பதென்றால் ஜீப்பை விற்க வேண்டும். விற்றால் வாய் மிஞ்சும், வாய்க்குள் போட ஒன்றும் மிஞ்சாது.

கிறிஸ்துதாஸ் அன்று சாயங்காலமே மூன்றாவது வளைவில் ஜீப்பை நிறுத்தி, பீடிக்கட்டைப் பள்ளத்தில் எறிந்தார். நான்காவது வளைவில் வருத்தப்பட்டார். அடுத்த நாள் ஹாரனை அடித்தார். அதற்கடுத்த நாள் ஹாரன் அடிக்காத லாரிக்காரனை அடிக்கப் போனார். வேப்பங்குச்சி, கடலைமிட்டாய், ஏலக்காய் என்று எதையாவது மென்றுகொண்டே இருந்தார். வழக்கமாக அந்த ஜீப்பில் வருகிற ஜெயம்மாள் என்ற கீரைக்காரப் பெண்மணி கிரேஸிடமே வந்து முறையிட்டாள்: "ஏன்டி, அந்த மனுஷன் கையில ஒரு பீடியக் குடுத்துத் தொலையேன். பீடி புடிச்சிக்கினு இருந்தப்ப எவ்ளோ தங்கமா இருந்தாரு."

மஞ்சள் சீட்டு வாங்க முதலில் ஆஸ்பத்திரியில் பதிவு போட வேண்டும் என்றார்கள். பதிவுச் சன்னலில் நீளமான வரிசை. கிரேஸ் குனிந்து, "வெள்ளை பட்டிருக்குங்க" என்றாள். உள்ளே இருந்தவர் நிமிராமல் சீட்டு அடித்துக் கொடுத்து, இரண்டாம் மாடி என்றார். இரண்டு மணி நேரம் வரிசையில் உட்கார்ந்த பிறகுதான், சுற்றியிருந்த அத்தனை பேரும் பெண்கள் என்பதைக் கிறிஸ்துதாஸ் கவனித்தார். நர்ஸ் வந்து, "இன்னா, எத்தினி நாளா வெள்ளை படுது?" என்று கிரேஸைக் கேட்டாள்.

"எனக்கில்லைங்க. இவருக்கு."

நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவர் பதறிப்போய் வாயை ஆவென்று திறந்து காட்டினார். அந்த வரிசை அன்று முழுக்கச் சிரித்தது. பதிவு மட்டும் ஆகிவிட்டது.

மையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. கீழே பெட்டிக்கடை. மேலே புகை பிடிக்காதீர் என்று பதினேழு பலகை. எழில்மதி கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தாள். இளமாறன் வந்து திரையைப் பார்த்தார்.

"உங்க ஊர் புகையிலை இல்லா ஊர். அங்க இருக்கிறவருக்குப் புகையிலையால வர்ற நோய் வர முடியாது."

"வந்துட்டுதுங்களே சார்" என்றாள் கிரேஸ்.

"வந்திருக்கலாம். ஆனா அது அங்கீகரிக்கப்பட்ட வருகை இல்ல. இவரே 'இல்லை'ன்னு சொல்லியிருக்காரு பாருங்க."

"நான் பொகையிலதான் இல்லைன்னேன் சார். பீடி இருக்குது. பீடின்னு கேட்டிருந்தா இருக்குதுன்னிருப்பேன்."

"பீடிக்குள்ள என்ன இருக்கு?"

"பீடித்தூளு."

இளமாறன் பெருமூச்சு விட்டார். "சரி, வேற காரணம் போடலாம். கூரான பல்லு இருக்கா? காரம் ஜாஸ்தி சாப்பிடுவாரா?"

"காரம் போட்டா சீட்டு குடுப்பீங்களா சார்?"

"காரத்துக்குச் சீட்டு கிடையாது."

கிரேஸ் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "சார், விழாவுக்கு வந்தப்ப ஜீப்புல நீங்கதானே இவரு பீடிய அணைக்கச் சொன்னீங்க? நீங்களே பாத்தீங்க இல்ல?"

"பார்த்தேன்" என்றார் இளமாறன், கொஞ்சமும் தயங்காமல். "ஆனா அது தனிப்பட்ட முறையில பார்த்தது. அலுவலகம் பார்க்கல. அலுவலகத்துக்குக் கண்ணு தாள்தான். இவர் பீடி பிடிப்பவர்னு கிராம நிர்வாக அலுவலர்கிட்ட சான்று வாங்கிட்டு வாங்க. பரிசீலிக்கிறேன்."

கிராம நிர்வாக அலுவலர் வீரமுத்து வருமானச் சான்று கொடுப்பார், சாதிச் சான்று கொடுப்பார், முதல் பட்டதாரிச் சான்றுகூடக் கொடுப்பார். பீடிச் சான்று அவர் சர்வீஸில் கேட்டதில்லை. "ஏம்பா கிறிஸ்து, ஊருல எல்லாரும் பீடி புடிக்கிலன்னு சான்று கேட்டு வருவான். நீ இன்னா இப்படி வர்ற?" என்று நான்கு நாள் இழுத்தார். ஐந்தாம் நாள் மனம் இரங்கி எழுதித் தந்தார்.

'மேற்படி கிறிஸ்துதாஸ் என்பவர் எனக்கு நேரடியாகத் தெரிந்தவர். இவர் பீடி பிடிப்பவர். மற்றபடி நன்னடத்தை உள்ளவர். இச்சான்று ஆறு மாதங்களுக்கு மட்டும் செல்லும்.'

கிரேஸ் அதை இரண்டு தடவை படித்தாள். அவருக்குக் கல்யாணத்தின்போதுகூட யாரும் இவ்வளவு நல்லபடியாக எழுதிக் கொடுக்கவில்லை.

சான்றோடு மறுபடியும் மாடி ஏறியபோது, அவர் பீடியை விட்டுப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. டாக்டர் சொன்ன ஒரு மாதத்தில் மிச்சம் பதினோரு நாள். இளமாறன் சான்றைப் பார்த்து, "ரொம்ப நல்லது" என்றார். "இனிமே ஒரே ஒரு சடங்குதான். இந்தக் கருவியில ஊதிக் காட்டவும். புகைப்பவர்னா மூச்சுல கார்பன் மோனாக்சைடு இருக்கும். ஏழுக்கு மேல காட்டினா உடனே சீட்டு."

செல்போன் அளவுக்கு ஒரு கருவி, முனையில் அட்டைக் குழாய். எழில்மதி சொன்னபடி கிறிஸ்துதாஸ் மூச்சை இழுத்து, பதினைந்து எண்ணும்வரை அடக்கி, ஊதினார். மலைப்பாதையில் முப்பது வருஷம் ஜீப் ஓட்டியவரின் ஊதல். திரையில் ஒன்று என்று வந்தது.

"ஒண்ணா?" என்றார் இளமாறன்.

"எனக்கே மூணு வருது சார், பஸ் ஸ்டாண்டு புகையில" என்றாள் எழில்மதி.

"அப்ப இவர் புகைப்பவரே இல்ல. இந்த அலுவலகத்துலயே சுத்தமான ஆளு இவர்தான்."

"டாக்டரம்மா வுடச் சொன்னாங்க சார். வுட்டுட்டேன்" என்றார் கிறிஸ்துதாஸ். பத்தொன்பது நாளில் அவரை யாரும் அதற்காகப் பாராட்டியிருக்கவில்லை.

"யாரைக் கேட்டு விட்டீங்க?" என்றார் இளமாறன். "பதிவு பண்ணிட்டு இல்ல விடணும்? இங்க பதிவு பண்ணி, ஆலோசனை வாங்கி, படிப்படியா விட்டாத்தான் எங்க கணக்குல விட்டவரா வருவீங்க. நீங்களா விட்டா யாருக்குப் பிரயோஜனம்?" கடிகாரத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "கீழ பெட்டிக்கடை இருக்கு. ரெண்டு மூணு இழுத்துட்டு வந்து ஊதுங்க. நாலு மணிக்கு எனக்கு உறுதிமொழி ஏற்பு நிகழ்ச்சி இருக்கு, அதுக்குள்ள வந்துடுங்க. நான் சொன்னதா வெளிய சொல்லிக்காதீங்க. இந்த அலுவலகத்தோட நோக்கம் அது இல்ல."

டோக்கன் இருபத்தேழு என்று ஒரு அட்டையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

கீழே வந்து கிறிஸ்துதாஸ் ஒரு பீடிக்கட்டும் தீப்பெட்டியும் வாங்கினார். மாடிப்படிக்கு அடியில், நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். ஒரு பீடியை எடுத்து மூக்குக்குக் கீழே வைத்து மோந்தார். பற்ற வைக்கவில்லை.

"இன்னா யோசிக்கிற?" என்றாள் கிரேஸ்.

"புடிச்சா மறுபடியும் என்னால வுட முடியாது கிரேசு. எனக்குத் தெரியும். இந்தப் பத்தொம்போது நாளு நான் பட்டது கர்த்தருக்குத்தான் தெரியும்."

"எனக்கும் தெரியும். ஜெயம்மாளுக்கும் தெரியும்."

"புடிக்கிலன்னா சீட்டு இல்ல."

கிரேஸ் மாடியைப் பார்த்தாள். பதினேழு பலகையில் ஒன்று அங்கிருந்தே தெரிந்தது. அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"குடு."

"இன்னாத்துக்கு?"

"முப்பது வருஷமா வெறகு அடுப்பு ஊதறவ. அந்தக் குட்டி டப்பாவ ஊத மாட்டனா? கொளுத்து."

அவர் கொளுத்திக் கொடுத்தார். முதல் இழுப்பில் கண்ணில் நீர் தாரையாகக் கொட்டியது. இருமலில் பக்கத்து வண்டியின் அலாரம் அடித்தது. பெட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "யக்கா, புதுசா?" என்று கேட்டுவிட்டு ஒரு சோடாவை உடைத்து நீட்டினார்.

"வாயிலயே வச்சிக்கினா நிக்காது, நெஞ்சுக்குள்ள எறக்கணும்" என்று கிறிஸ்துதாஸ் சொல்லிக் கொடுத்தார். கிளட்ச்சை எப்படி விடுவது என்று சொல்லிக் கொடுக்கிறவரின் பொறுமையோடு. "மெதுவா. அவ்ளோதான். இப்ப வுடு. கிரேசு, கொஞ்சம் இந்தப் பக்கமா வுடேன்."

"யோவ், எழுந்து தூரப் போய் நில்லுய்யா."

அவர் எழுந்து பத்தடி தள்ளிப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கிரேஸ் மூன்று பீடி பிடித்தாள். மூன்றாவது முடிந்தபோது பஸ் ஸ்டாண்டு லேசாகச் சுற்றியது.

மாடியில் எழில்மதி, "டோக்கன் இருபத்தேழு" என்று கூப்பிட்டாள். கிரேஸ் போய் நின்றாள். எழில்மதி அவளைப் பார்த்தாள். பின்னால் நின்ற கிறிஸ்துதாஸைப் பார்த்தாள். கிரேஸ் கையிலிருந்த டோக்கனைப் பார்த்தாள். பிறகு புதிய அட்டைக் குழாய் ஒன்றை எடுத்துக் கருவியில் சொருகினாள்.

"இதுல டோக்கன் நம்பருக்குத்தாங்க கட்டம் இருக்கு" என்றாள் மெதுவாக. "மூஞ்சிக்குக் கட்டம் இல்ல. ஊதுங்க."

திரையில் பதினொன்று வந்தது.

இளமாறன் அறையிலிருந்து வந்து எண்ணைப் பார்த்து முகம் மலர்ந்தார். மஞ்சள் சீட்டில் கையெழுத்துப் போட்டார். குன்னம்பாடி கெட்டுப்போகாமல் இருக்க, முகவரி என்ற இடத்தில் ஜீப்பின் நம்பரை எழுதினார். பிறகு கிரேஸ் பக்கம் திரும்பினார்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். வீட்டுல இருக்கிற பெண்கள் கண்டிச்சா எந்த ஆணும் திருந்துவான். உங்களை மாதிரி ஒரு நல்ல பழக்கமுள்ள மனைவி வாய்ச்சும் இவர் பதினொண்ணு காட்டுறார்னா, நீங்க போதுமான அளவு கண்டிக்கலன்னுதான் அர்த்தம்."

கிரேஸ் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். திறந்தால் நாறும்.

ராதிகா டாக்டர் மறுநாளே துவரம்பருப்பு அளவுக்குச் சதை எடுத்து அனுப்பினார். பத்தாம் நாள் பதில் வந்தது. உள்ளே உத்தரவு கெட ஆரம்பித்திருந்தது. ஆனால் இன்னும் எல்லையைத் தாண்டவில்லை. திட்டு முழுவதையும் வெட்டி எடுத்து, ஐந்து தையல் போட்டார்கள். தையல் பிரிக்கும்வரை அவரால் பேச முடியவில்லை. ஜீப்பில் வருகிறவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

அதன்பிறகு ஐந்து வருஷம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டாக்டர் டார்ச் அடித்துப் பார்ப்பார், சுத்தம் என்பார். மாதா மாதம் மையத்திலிருந்தும் போன் வரும். பதிவு செய்த குரல்தான். நீங்கள் புகைப்பழக்கத்தை விட்டுவிட்டீர்களா, ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும், இல்லை என்றால் இரண்டை அழுத்தவும். கிறிஸ்துதாஸ் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, அடுப்படிக்கு வந்து போனை நீட்டுவார்.

"உனக்குத்தான். பீடிய வுட்டுட்டியான்னு கேக்கறாங்க."

"குடு இங்க" என்று அவள் ஒன்றை அழுத்துவாள்.

"ரெண்ட அழுத்திப் பாரேன். இன்னா பண்றாங்கன்னு பாக்கலாம்" என்பார் அவர். ஐந்து வருஷத்தில் ஒரு மாதமும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. ஒரு மாதமும் அவள் திட்டாமல் விட்டதில்லை.

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துணியைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தார். நெஞ்சு. வெள்ளிமலை போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

அடுத்த வாரம், விடுதியிலிருந்து கிரேஸ் வீடு திரும்பிய நேரத்தில் அந்தப் போன் அடித்தது. அவள் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். வணக்கம் கிறிஸ்துதாஸ் அவர்களே என்றது குரல். விட்டுவிட்டீர்களா என்று கேட்டது. ஒன்றைச் சொன்னது, இரண்டைச் சொன்னது. அதற்கு மேல் எண் எதுவும் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாததால் முதலிலிருந்து மறுபடியும் கேட்டது.

கிரேஸ் ஒன்றை அழுத்தினாள்.

"மிக்க மகிழ்ச்சி" என்றது குரல். "எப்போதும் இப்படியே இருங்கள்."